உடம்புக்கு வெயில் பழகும், நரம்புக்கலத்துக்குப் பழகுமா?

ஏழாலையில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு 67 வயசு. மத்தியான வெயிலிலயும் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிப்பார். பிறசருக்கும் கை நடுக்கத்துக்கும் குளிசை போடுறார். உள்ளுக்கு வாங்கோ எண்டா 'எனக்கு வெயில் பழகிப்போச்சு' எண்டுறார். வெப்ப அதிர்ச்சிப் புரதம் எண்டு ஒண்டு இருக்காம், சூடு பட்டா அது கூடி மூளையையும் நரம்பையும் காக்குமாம். அப்ப அப்பா சொல்லுறது சரிதானே? அதைக் கூட்டக் குளிசை ஏதும் இருக்கா?"

அப்பா சொல்வதில் பாதி சரி. அவருக்கு வெயில் பழகித்தான் இருக்கிறது. ஆனால் பழகியவை பெரும்பாலும் வியர்வைச் சுரப்பிகளும் இரத்த ஓட்டமும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் இருப்பதும் அவை கலங்களைக் காப்பதும் உண்மை. ஆனால் உடம்பில் அவை அதிகம் தேவைப்படும் நரம்புக்கலம்தான், அவசரத்துக்கு அவற்றைப் புதிதாகச் செய்வதில் மிகவும் பின்னிற்கிறது. இந்த முரண் விளங்கினால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் புரதத்துக்கும் சூட்டுக்கும் என்ன பகை என்று பார்ப்போம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். தண்ணீரோடு ஒட்டாத பகுதிகளை உள்ளே மறைத்துக்கொண்டு மடிவதுதான் வழமை. பல புரதங்களில் அந்த மடிப்பு மயிரிழையில்தான் நிற்கிறது. 37 பாகையில் ஒழுங்காக இருப்பது இன்னும் நாலைந்து பாகை ஏறியதும் இளகத் தொடங்குகிறது. உள்ளே இருந்த பகுதிகள் வெளியே வந்து, பக்கத்தில் அதே நிலையில் இருக்கும் வேறு புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக் கட்டியானால் வேலை நிற்பது மட்டுமல்ல, அந்தக் கட்டியே கலத்துக்கு நஞ்சாகலாம்.

வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் (சுருக்கமாக எச்.எஸ்.பி) ஒன்றான எச்.எஸ்.பி 70 இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. பெயரில் உள்ள 70 அதன் நிறை: ஏறத்தாழ 70 கிலோடால்டன். அவிழ்ந்த சங்கிலியில் வெளியே தெரியும், ஐந்து முதல் ஏழு அமினோ அமில நீளமுள்ள ஒரு துண்டை அது கவ்விப் பிடிக்கிறது. எச்.எஸ்.பி 40 குடும்பத்துப் புரதம் ஒன்று சரக்கைக் கொண்டுவந்து கொடுக்கும். கலத்தின் எரிபொருளான ஏ.ரீ.பி உடைந்ததும் பிடி இறுகும். புதிய ஏ.ரீ.பி வந்து அமர்ந்ததும் பிடி விடும். விடுபட்ட சங்கிலி தானாக மடிந்து பார்க்கும், சரிவராவிட்டால் மறுபடியும் கவ்வப்படும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏ.ரீ.பி செலவாகிறது என்பதை நினைவில் வைத்திருங்கள், பாரிசவாதம் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும். எச்.எஸ்.பி 90, எச்.எஸ்.பி 60, எச்.எஸ்.பி 27 முதலான சிறியவை என்று வேறு குடும்பங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, நோக்கம் ஒன்று.

இவை கண்டுபிடிக்கப்பட்ட விதம் ஒரு தற்செயல். இத்தாலியரான ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் குடும்பத்து ஈயொன்றின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பருத்த நிறமூர்த்தங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுகூடத்தில் யாரோ அடைகாப்புப் பெட்டியின் வெப்பநிலையைக் கூட்டிவிட, நிறமூர்த்தங்களில் முன்பு இல்லாத இடங்களில் புடைப்புகள் எழுந்திருந்தன. அந்த இடங்களில் இருந்த பரம்பரையலகுகள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது அடையாளம். 1962 இல் அவர் இதை வெளியிட்டார். அதற்கு முன் ஒரு பெயர்பெற்ற சஞ்சிகை முக்கியமில்லாத விடயம் என்று திருப்பி அனுப்பியதாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அந்தப் பரம்பரையலகுகள் எந்தப் புரதங்களைச் செய்கின்றன என்பது தெரியவர 1974 ஆகிவிட்டது.

பெயரில் வெப்பம் இருப்பதால் சூட்டுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒட்சிசன் குறைவு, ஆசனிக்கு போன்ற நஞ்சுகள், பார உலோகங்கள் என்று புரதத்தைக் குலைக்கும் எதுவும் அதே ஆளியைத்தான் தட்டுகிறது. அந்த ஆளியின் பெயர் எச்.எஸ்.எஃப் 1. சாதாரண வேளையில் எச்.எஸ்.பி 90, 70 போன்றவை அதைப் பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன. அவிழ்ந்த புரதங்கள் பெருகியதும் இவை அவற்றின் பின்னால் போக, எச்.எஸ்.எஃப் 1 விடுபடுகிறது. மும்மூன்றாகச் சேர்ந்து டீ.என்.ஏயில் தனக்குரிய இடத்தில் அமர்ந்து, வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் பரம்பரையலகுகளை முடுக்குகிறது. வேலை முடிந்ததும் எச்.எஸ்.பிகள் திரும்பி வந்து அதை மறுபடி அடக்கிவிடுகின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பெரும்பாலான பரம்பரையலகுகளின் செய்தியை இடையிடையே வெட்டி ஒட்டித்தான் பயன்படுத்த முடியும், கடும் சூட்டில் அந்த வெட்டி ஒட்டும் வேலையே குழம்பிவிடும். சூட்டில் பொங்கி வரும் எச்.எஸ்.பி 70 இன் பரம்பரையலகில் வெட்ட வேண்டிய துண்டே இல்லை. நெருப்புக்குள்ளும் வாசிக்கக்கூடிய கட்டளை அது.

தோல், ஈரல், இரத்த வெண்கலங்கள் எல்லாவற்றிலும் இந்த ஆளி நன்றாக வேலை செய்யும். மூளையில் அப்படியல்ல. சூடேற்றிய விலங்குகளின் மூளையைப் பார்த்தபோது புதிய எச்.எஸ்.பி 70 பளிச்சென்று தெரிந்தது பெரும்பாலும் நரம்புக்கலங்களில் அல்ல, அவற்றைச் சூழ்ந்திருக்கும் துணைக்கலங்களான கிளியாவிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும்தான். வளர்ப்பூடகத்தில் வளர்த்த, நினைவுக்குரிய மூளைப்பகுதியான ஹிப்போகாம்பசின் நரம்புக்கலங்களிலும் இதே கதை: பக்கத்துக் கிளியாக்கள் துள்ளி எழும் சூட்டில் அவை அசையவில்லை. முண்ணாணில் இருந்து தசைகளுக்குப் போகும் இயக்க நரம்புக்கலங்கள் இன்னும் பிடிவாதம். அவற்றில் எச்.எஸ்.எஃப் 1 ஐ எழுப்பும் வாசல் மிக உயரத்தில் இருப்பதாக 2003 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தசையை இயக்கும் நரம்புகள் கருகிப்போகும் ஏ.எல்.எஸ் நோயைப் படிப்பவர்கள் இதைக் கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? முழுவிடை இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காரணம் ஓரளவு தெளிவு. வெப்ப அதிர்ச்சி முறை முழுவீச்சில் இயங்கும்போது கலம் மற்றப் புரத உற்பத்தியைப் பெருமளவு நிறுத்திவிடும். ஈரற்கலம் சில மணிநேரம் அப்படி இருந்துவிடலாம். நரம்புக்கலம் தன் இணைப்புகளுக்கான புரதங்களை ஓயாமல் செய்துகொண்டிருக்க வேண்டியது, அதற்கு இந்த நிறுத்தம் பெரிய செலவு. அதனால் அது வேறு வழியில் போகிறது. எச்.எஸ்.சி 70 என்று, எச்.எஸ்.பி 70 இன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் இருப்பில் இருப்பது. நரம்புக்கலத்தில் இதன் அளவு மிக அதிகம். பங்குனி, சித்திரையிலேயே ஒடியலும் புழுக்கொடியலும் காயவைத்துப் பானையில் கட்டி, மாரி வந்த பிறகு கடைக்கு ஓடாத வீடு மாதிரி. இருப்பு இருக்கும் வரை பிரச்சினை இல்லை. தீர்ந்த பிறகு புதிதாகச் செய்வதில் அது மந்தம், பிரச்சினை அங்கேதான்.

அந்த இருப்பும் சும்மா கிடப்பதில்லை. ஒரு நரம்பிணைப்பைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். செய்தி கடத்தும் இரசாயனத்தைச் சுமந்த நுண்பைகள் வெளியே கொட்டியதும், கிளத்திரின் என்ற புரதக் கூடு போர்த்தி மறுபடி உள்ளே இழுக்கப்படுகின்றன. அந்தக் கூட்டைக் கழற்றினால்தான் பையை மறுமுறை நிரப்பலாம். கழற்றுவது எச்.எஸ்.சி 70, ஒக்சிலின் என்ற துணையோடு. பை சவ்வோடு இணைய உதவும் ஸ்நாப் 25 என்ற புரதத்தை வடிவம் குலையாமல் வைத்திருப்பதும் எச்.எஸ்.சி 70 தான், அங்கே அதன் கூட்டாளி சி.எஸ்.பி அல்பா. இந்த சி.எஸ்.பி அல்பாவில் பிறழ்வு உள்ள குடும்பங்களில், பிறக்கும்போது எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கு நடுவயதுக்குக் கிட்ட வலிப்பும் மறதியும் தொடங்கும் ஓர் அரிய நோய் வருகிறது. வெயில் ஒரு துளியும் படாத வேளையிலும் நரம்புக்கலத்துக்கு இந்தப் புரதங்கள் அன்றாடத் தேவை.

தூரமும் ஒரு சிக்கல். முண்ணாணில் தொடங்கிப் பாதத்துக்குப் போகும் ஒரு நரம்புக்கலத்தின் இழை ஒரு மீற்றர் வரை நீளும். எச்.எஸ்.சி 70 அந்த இழைக்குள் பயணிப்பது மெதுவான வண்டியில், நாளுக்குச் சில மில்லிமீற்றர்தான். கலவுடலில் இன்று செய்தது கால்விரலுக்குப் போய்ச்சேர மாதக்கணக்கு ஆகும். அவசரத்துக்கு உதவாத வேகம். அயலவர்களான கிளியாக்கள் முக்கியமாவது இதனால்தான். கணவாய் இனத்தில் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிய நரம்பிழை உள்ள ஸ்குயிட்டை வைத்து 1986 இல் ஓர் ஆய்வு நடந்தது. கிளியா செய்த வெப்ப அதிர்ச்சிப் புரதம் போன்ற ஒன்று அந்த இழைக்குள் கடந்து போவதைக் கண்டார்கள். பாசையூர்ச் சந்தையில் கணவாய் வாங்கும்போது யாரும் இதை நினைப்பதில்லை, ஆனால் நரம்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நல்ல பங்கு அந்த இனம் தந்தது.

இனி, பழக்கம் என்ற விடயத்துக்கு வருவோம். முன்கூட்டியே சிறிய அடி பட்ட நரம்புக்கலம் பெரிய அடியைத் தாங்கும் என்பதற்கு விலங்குகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. எலிகளின் உடற்சூட்டைக் கொஞ்ச நேரம் ஏற்றி, பல மணிநேரம் கழித்துக் கண்ணைக் கெடுக்கும் கடும் வெளிச்சத்தில் வைத்தபோது அவற்றின் விழித்திரைக் கலங்கள் குறைவாகவே சிதைந்தன. 1988 இல் வந்த முடிவு இது. ஜெர்பில் என்ற சிறு விலங்கின் மூளைக்கு இரத்தத்தை 2 நிமிடம் தடுத்து, பிறகு ஓரிரு நாள் விட்டு 5 நிமிடம் தடுத்தால், வழமையாகச் செத்துப்போகும் ஹிப்போகாம்பசுக் கலங்களில் பெரும்பங்கு தப்பியது. ஆனால் இந்தக் காப்புச் சில நாளில் தேய்ந்துவிடும். 40 வருசத் தோட்ட வேலை 40 வருசக் காப்பாகச் சேர்ந்துகொண்டு போவதில்லை.

அப்படியானால் அப்பாவுக்குப் பழகியது எது? சூட்டில் வேலை செய்யத் தொடங்கி ஒன்று, இரண்டு கிழமைக்குள் இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடுகிறது, வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, வியர்வையில் உப்புக் குறைகிறது, இதயம் குறைவாக அடித்தே சமாளிக்கிறது. இரத்தக் கலங்களில் எச்.எஸ்.பி 70 உம் சற்று உயரும். இவ்வளவும் சேர்ந்து செய்வது ஒன்றைத்தான்: உடம்பின் உட்சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது. அதாவது, மூளைக்குச் சூடு போய்ச்சேராதபடி தடுப்பது. போய்ச் சேர்ந்துவிட்டால் மூளையின் நரம்புக்கலம் அவருக்கும் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கும் பெரிய வித்தியாசமில்லாமல்தான் பாதிக்கப்படும். இந்தப் பழக்கமும் ஒரு மாதம் வெயிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

சகாராப் பாலைவனத்தில் கட்டாக்ளிஃபிஸ் என்ற எறும்பு இருக்கிறது. மற்ற உயிர்கள் ஒதுங்கும் நடுப்பகலில், 50 பாகை தாண்டிய சூட்டில் இரை தேடப் போகும். கூட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அது வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்து வைத்துக்கொள்வதை 1995 இல் காட்டினார்கள். வெளியே சென்ற பிறகு செய்ய நேரமில்லை என்பது அதற்குத் 'தெரியும்'. அவ்வளவு ஆயத்தத்தோடு போகும் அதுவும் சில நிமிடத்தில் திரும்பிவிடுகிறது.

வயதும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எச்.எஸ்.எஃப் 1 இன் எழுச்சி வயதோடு மங்குகிறது. புழு முதல் மனிதர் வரை இந்தப் போக்கு ஒன்றுதான். நரம்புக்கலம் பிரிந்து பெருகுவதும் இல்லை. தோற்கலம் பிரியும்போது கட்டியான கழிவு இரண்டாகப் பங்கிடப்பட்டுக் குறைந்துகொண்டு போகும், நரம்புக்கலத்தில் சேர்ந்தது சேர்ந்ததுதான். பார்க்கின்சன், அல்சைமர், ஹன்டிங்டன் என்ற மூளை நோய்கள் எல்லாவற்றிலும் ஏதோவொரு புரதம் கட்டியாகிக் கிடப்பதைக் காண்கிறோம். பழ ஈயில் பார்க்கின்சனுக்குரிய அல்பா சைனூக்கிளீன் என்ற புரதத்தைச் செய்யவைத்தால், டோப்பமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் சாகின்றன. கூடவே எச்.எஸ்.பி 70 ஐயும் கூட்டிவிட்டால் தப்புகின்றன. 2002 இல் இது வந்தபோது இனி மருந்து வந்துவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். மறுபக்கமாக, எச்.எஸ்.பி 27 ஐச் செய்யும் பரம்பரையலகில் பிறழ்வு இருந்தால் கால், கை நரம்புகள் நுனியில் இருந்து மெல்லச் செயலிழக்கும் பரம்பரை நோய் வரும் என்பது 2004 இல் உறுதியானது. நீளமான நரம்பு முதலில் பழுதாவது அங்கும் தெரிகிறது.

கடும் வெப்பத்தாக்கின்போது நரம்புக்கலத்தின் இந்தப் பலவீனம் எப்படித் தெரியும்? உட்சூடு 40 பாகை தாண்டி, அதோடு மூளையும் குழம்பினால் அதுதான் வெப்பத்தாக்கு. களைப்பு, தலையிடி, தசைப்பிடிப்பு இவை முந்திய கட்டம். பேச்சு உளறுவது, தள்ளாடுவது, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது, வலிப்பு வருவது: இவை அடுத்த கட்டம், அப்போது நேரம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மூளையில் சூட்டைத் தாங்கவே முடியாதவை, உடம்பின் அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையின் பேர்கிஞ்சிக் கலங்கள். உயிர் தப்பியவர்களில் சிலருக்கு மாதக்கணக்கிலும் நிரந்தரமாகவும் நடை தள்ளாடுவதும் நா குழறுவதும் இதனால்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொரு பாடு, கடல் சூழ்ந்த ஈரக்காற்று. காண்டாவன வெயிலில் காற்றும் விழுந்துவிட்டால் வியர்வை உடம்பில் வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை ஒரு பாகையும் குறைக்காது. வெப்பநிலை மட்டும் பார்த்து 'இண்டைக்கு அவ்வளவு இல்லை' என்று சொல்வது இங்கே பிழைத்துப் போகும். வளிமண்டலவியல் திணைக்களம் ஈரப்பதனையும் சேர்த்து வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை தருவது அதற்காகத்தான்.

பாரிசவாதத்திலும் இதே வடிவம் தெரிகிறது. இரத்தம் முற்றாக நின்ற நடுப்பகுதியில் எச்.எஸ்.பி 70 இற்கான செய்தி எழுதப்பட்டாலும் புரதம் செய்ய ஏ.ரீ.பி இல்லை. நரம்புக்கலங்கள் செத்துவிடுகின்றன, புரதம் தெரிவது இரத்தக்குழாய்களில் மட்டும். அரைகுறையாக இரத்தம் கிடைக்கும் விளிம்பில் உள்ள நரம்புக்கலங்களே புரதத்தைச் செய்து தப்பப் பார்க்கின்றன.

அப்பாவின் குளிசைகள் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. கை நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் பென்ஸ்ஹெக்சோல் போன்ற சில, வியர்வையைக் குறைக்கும். பிறசருக்குச் சிலருக்குத் தரும், சலத்தைப் போக்கும் குளிசை உடம்பின் நீரைக் குறைக்கும். வேறு சில இதயத் துடிப்பை ஏறவிடாது. நான் மேலே சொன்ன பழக்கம் முழுதும் வியர்வையையும் இரத்த ஓட்டத்தையும் நம்பி நிற்கிறது, இந்தக் குளிசைகள் அதன் அடியிலேயே கைவைக்கின்றன. எந்தக் குளிசை என்று உங்களிடம் பெயர் இல்லாமல் நான் மேற்கொண்டு சொல்ல மாட்டேன். தாமாக நிறுத்தவும் கூடாது, திடீரென்று விட்டால் நடுக்கமும் பிறசரும் மோசமாகும். அட்டையோடு கிளினிக்குக்குப் போய், "இவர் மத்தியானத்திலயும் தோட்டத்தில நிக்கிறவர்" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் வருபவர்கள்தான் அதிகம்.

கூட்டக் குளிசை உண்டா என்றால், நரம்பைக் காக்க வெப்ப அதிர்ச்சிப் புரதத்தைக் கூட்டும் மருந்தாகப் பெரிதும் பேசப்பட்டது அரிமோக்ளோமோல். கலம் நெருக்கடியில் இருக்கும்போது மட்டும் எச்.எஸ்.எஃப் 1 இன் வேலையை நீட்டிக்கும் என்ற எண்ணத்தில் உருவானது. ஏ.எல்.எஸ் நோயாளரில் நடந்த பெரிய சோதனையில் 2021 இல் அது தோற்றது. நீமன் பிக் சி என்ற அரிய பரம்பரை நோய்க்கு, மிக்லுஸ்டாட் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து, 2024 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வெயிலுக்கு அது மருந்தல்ல. பொதுவாகவே எச்.எஸ்.எஃப் 1 ஐ நீண்ட காலம் தட்டிவிடுவது எனக்கு நல்ல யோசனையாகப் படவில்லை. புற்றுக்கலங்கள் தாறுமாறான தங்கள் புரதங்களைச் சமாளிக்க அதே புரதங்களைத்தான் நம்பியிருக்கின்றன. எச்.எஸ்.எஃப் 1 இல்லாத எலிகளுக்குப் புற்று வருவது குறைவு என்று 2007 இல் சூசன் லிண்ட்குவிஸ்ட் குழுவினர் காட்டினார்கள். 'வெப்ப அதிர்ச்சிப் புரதம் கூட்டும்' என்று விற்கும் எந்தக் கப்சூலுக்கும் காசைக் கொடுக்காதீர்கள். பின்லாந்தில் நடுவயது ஆண்களை 20 வருடம் பின்தொடர்ந்து, சோனா என்ற சூட்டறையில் அடிக்கடி இருப்பவர்களுக்கு மறதி நோய் குறைவாக இருந்ததாக ஒரு ஆய்வு 2017 இல் வந்தது. ஆனால் சோனாவுக்கு அடிக்கடி போகிறவர் பொதுவில் உடல்நலம் உள்ளவராகவும் இருப்பார், அதனால் சோனாதான் காத்தது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. சோனா 15 நிமிடம், பிறகு எழுந்து வெளியே வரலாம். தோட்டத்தில் தண்ணீர் மாறி முடியும் வரை அப்பா அப்படி வரமாட்டார்.

செய்யக்கூடியது எளிமை. தண்ணீர் மாறுவதைக் காலை 10 மணிக்கு முன்னமும் பின்னேரம் 4 மணிக்குப் பின்னரும் வைத்துக்கொள்ளலாம். பம்புக்கு ஓராளும் பாத்திக்கு ஓராளும் நின்றால் ஒருவர் விழுந்தாலும் மற்றவர் காண்பார். இவரைப் போன்ற வயதில் தாகம் பிந்தித்தான் தெரியும், தாகம் வருவதைக் காத்திராமல் மோரோ இளநீரோ குடிக்கவேண்டும். சலத்துக்குப் போவது குறைந்தாலோ சலம் கடும் மஞ்சளானாலோ அது முதல் அறிகுறி. இதயம், சிறுநீரகத்தில் நோய் இருந்து நீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், எவ்வளவு என்பதையும் அதே கிளினிக்கில் கேளுங்கள்.

பேச்சு உளறினால் முதலில் நிழல். சேட்டைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுதும் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்திலும் கமக்கட்டிலும் ஐஸ் இருந்தால் வைக்கலாம். 1990 இற்கு அழைத்துவிட்டு அம்புலன்ஸ் வரும்வரை குளிர்த்துவதை நிறுத்த வேண்டாம். ஏற்றி அனுப்புவதை விடக் குளிர்த்துவது முந்த வேண்டும். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பரசிட்டமோல் இங்கே வேலை செய்யாது: காய்ச்சலில் மூளை தானே சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அந்த அளவைக் கீழே இறக்கும். வெப்பத்தாக்கில் மூளை அளவை மாற்றவே இல்லை, சூடுதான் உள்ளே சேர்ந்துவிட்டது. அதை வெளியேற்றத் தண்ணீரும் காற்றும்தான் வேண்டும்.